பாதுஷா தண்ணீர் குடிக்க மறுக்கிறார்

மே 3, சனி

திண்டுக்கல்லில் மற்ற வீடுகளில் பாதுஷாவை மனிதர்கள் தின்கிறார்கள். எங்கள் வீட்டில் பாதுஷா தின்பதை மனிதர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம். எங்கள் பாதுஷா ஒரு வெள்ளைக் குதிரை. உத்தியோகம், கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை சுமப்பது. என் அத்தா சிக்கந்தர் அவருக்குச் சமையற்காரர், முடிதிருத்துபவர், கால் அமுக்கிவிடுபவர். அம்மா ஆரிபா, அவருடைய சம்பாத்தியத்தில் எங்களுக்குச் சோறு போடுபவர். நான் நிலோபர். பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் இன்னொரு வீட்டு விலங்கு.

இன்று காலை பழனி ரோட்டில் ஊர்வலம். வெயில் தோசைக்கல் மாதிரி, மாப்பிள்ளை மாவு மூட்டை மாதிரி. திரும்பி வரும் வழியில், "அத்தா, இன்னிக்கு அவரு நம்ம பாதுஷாவச் சுமந்திருந்தாத்தான் நியாயமா இருந்திருக்கும்" என்றேன். இந்த மாதிரிக்கெல்லாம் அத்தா தோள் குலுங்கச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. பாதுஷா திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தாவும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாதுஷா மண்ணில் படுத்துப் புரண்டார். நாலு காலும் ஆகாயத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதடி. வயித்து வலில புரளுறான்" என்றார் அத்தா.

சாயங்காலத் தீவனத்தை அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கும் என்னவோ பசி இல்லை. வெயில்தான் காரணம்.

மே 4, ஞாயிறு

கால்நடை டாக்டர் இளவேனில் வந்தார். பாதுஷாவின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வானொலியில் ஸ்டேஷன் தேடுவது போல அங்கும் இங்கும் நகர்த்தினார். இடது பக்கம் ஒலிபரப்பே இல்லையாம்.

"குடல் அடைச்சிருக்கு பாய். வெயில்ல தண்ணி உள்ள போகல. காஞ்ச வைக்கோல் அப்படியே கட்டிபட்டுப் போச்சு."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். எங்கள் தெரு பஜ்ஜிக் கடைக்கு இரண்டு நாளைக்குக் காணும். பிறகு சலைன். சலைன் ஏறியது, பாதுஷா ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டில் முடியும்போது டாக்டர் மறுபடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார். ஒலிபரப்பு தொடங்கிவிட்டது.

"வலி விட்டுருச்சு. இனிமே அவனாத் தண்ணி குடிக்கணும். பச்சைப் புல்லு, தவிட்டுக் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா. குடிச்சான்னா உள்ள இருக்கறது இளகி லத்தியா வெளிய வந்துரும். கொள்ளு மட்டும் கூடவே கூடாது."

"கொள்ளுப் பேரன் இருந்தாலும் உள்ள விட மாட்டோம் டாக்டர்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே, "குடிக்கலைன்னா?" என்றேன்.

அவர் பையை மூடினார். "குடிக்க வைங்க" என்றார். அப்புறம் ஸ்கூட்டரில் ஏறும்போது, "சத்தம் வேணாம் பாய். நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

சத்தம் வேணாமாம். எங்கள் தெருவில். பக்கத்து வீடு பேண்டு மாஸ்டர் ஆரோக்கியசாமி மாமாவுடையது என்பதை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை.

மே 5, திங்கள்

தெரு முழுக்க ஊமைப் படம் ஓடுகிறது. மாஸ்டர் மாமா டிரம்முக்கெல்லாம் பழைய போர்வை சுற்றி, காய்ச்சல்காரர்களைப் போல வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார். அம்மா குக்கரைப் பரண் மேல் ஏற்றிவிட்டார். ஐஸ்காரர் மணி அடிக்காமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்று, "ஐஸ்" என்று காதில் ரகசியம் சொல்கிறார். வாங்காமல் இருக்க பயமாக இருக்கிறது.

நான் தெரு முனையில் அட்டை பிடித்து நின்றேன். 'பாதுஷா பாதி ஷா ஆகிவிட்டார். மீதி ஷாவைக் காப்பாற்ற ஹாரன் அடிக்காதீர்.' ஒரு லாரிக்காரர் நிறுத்திப் படித்துவிட்டு, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போவது போல நடித்துக் காட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

காலையில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லம் கரைத்து உள்ளங்கையில் ஏந்திக் காட்டினேன். பாதுஷா நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார். ஒரே ஒரு நக்கு. சொரசொரவென்று. நான் கத்தக்கூடாது என்பதால் கொல்லைக்கு ஓடிப்போய்த் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி மூன்று தரம் குதித்தேன்.

அந்த சந்தோஷத்தில் அம்மா தர்காவுக்குப் போய் ஓதிய கயிறு வாங்கி வந்தார். மாஸ்டர் மாமா வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா மெடல் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டையும் நெற்றியில்தான் கட்ட வேண்டுமென்று அம்மா சொல்லிவிட்டார். பாதுஷாவின் நெற்றி வழுக்குகிறது. கயிறு கட்டினால் மூக்குக்கு வந்துவிடுகிறது. அத்தா யோசித்து, உள்ளே போய், ஊர்வலத்துக்குப் போடும் நெற்றிப்பட்டத்தை எடுத்து வந்தார். ஜிகினா வைத்த பட்டை, நடுவில் கண்ணாடிக் கல், உச்சியில் சிவப்பு இறகுக் குஞ்சம். அதை மாட்டி, அதில் கயிற்றையும் மெடலையும் கோத்துவிட்டார். கச்சிதமாக நின்றது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது குதிரைதான் என்று நான் எப்போதும் சொல்வேன். இப்போது பட்டதாரி ஆஸ்பத்திரியில் கவுனோடு படுத்திருப்பது போல இருந்தது.

மத்தியானம் மறுபடி வெல்லத் தண்ணீர் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலமும் அப்படியே.

அம்மா தோசை வைத்தார். அதைப் பூனைக்குப் போட்டேன். பூனைக்கும் வாழ்க்கையில் ஏதாவது வேண்டாமா?

மே 6, செவ்வாய்

இன்று செய்து பார்த்தவை.

நாக்கில் உப்புத் தடவினோம். தாகம் எடுக்குமாம். உதட்டைச் சப்பினார், அவ்வளவுதான்.

அத்தா வாளிக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சீட்டி அடித்தார். சீட்டி கேட்டால் குதிரை தண்ணீர் குடிக்கும் என்று எல்லாக் குதிரைக்காரர்களும் சொல்வார்கள். சீட்டியைக் கேட்டு பூனை வந்தது.

அறுகம்புல்லைத் தண்ணீரில் நனைத்து நானே அவர் எதிரில் உட்கார்ந்து தின்று காட்டினேன். "ஆஹா! நாவில் கரையும் நயம் புல்! இன்றே வாங்குவீர்!" என்று விளம்பரக் குரலில், ஆனால் ரகசியமாகச் சொன்னேன். பாதுஷாவின் கண் புல்லையே பார்த்தது. வாயோரம் எச்சில்கூட ஊறியது, சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கலாமா கூடாதா என்று தவிக்கிற நல்ல பிள்ளை முகம்.

மாஸ்டர் மாமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டி, "பாப்பா, ஏதாச்சும் தின்னானா?" என்று கிசுகிசுத்தார்.

"நான்தான் மாமா தின்னேன்."

"எப்படி இருக்கு?"

"உப்பு கம்மி."

மாலையில் டாக்டர் வந்து இன்னொரு சலைன் போட்டார். பாதுஷாவின் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் கூடாரம் போல அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் இருந்தால் உடனே படிந்துவிடுமாம்.

"சலைனை வச்சு எத்தனை நாள் ஓட்டறது பாய்? நாளைக்குள்ள குடிக்கலைன்னா வண்டியில ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அவ்வளவு தூரம் நின்னு தாங்குவானான்னு என்னால சொல்ல முடியாது."

அத்தா பாதுஷாவின் பிடரியைக் கோதிக்கொண்டே தலையாட்டினார். கோதுவதை நிறுத்தவே இல்லை.

மே 6, விளக்கு வைத்த பிறகு

அவன் குடிக்கவில்லை.

மே 7, புதன்

எங்கே தொடங்குவது? எழுத்து கோணினால் கோணட்டும்.

மத்தியானம். அத்தா லாயத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது. இரண்டு நாள் தாடி. நாலு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா உள்ளே கையேந்தி துஆ செய்துகொண்டிருந்தார். டாக்டருக்கு ஊசி போடத் தெரியும், அம்மாவுக்கு ஓதத் தெரியும், அத்தாவுக்குத் தடவிக் கொடுக்கத் தெரியும். எனக்கு ஒன்றுதான் தெரியும்.

பாதுஷாவின் நெற்றியிலிருந்து பட்டத்தை மெதுவாக அவிழ்த்து அத்தாவின் தலையில் மாட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது! சிவப்புக் குஞ்சம் அவருடைய குறட்டைக்குத் தாளம் போட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ஆட்டம். அம்மாவின் செல்போனை எடுத்து, சிரிப்பை உதட்டில் கடித்துக்கொண்டு படம் எடுக்கப் போனேன்.

பின்னால் ஒரு சத்தம்.

சுர்ர்ர்ர்.

டீயை சாசரில் ஊற்றி உறிஞ்சுவது போல, ஆனால் சாசர் குளம் அளவுக்கு இருப்பது போல. திரும்பினேன். பாதுஷா மூக்குவரை தொட்டிக்குள் விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தின் அடியில் மடக்கு மடக்காக ஏதோ பந்து ஓடியது. காதுகள் ஒவ்வொரு மடக்குக்கும் முன்னும் பின்னும் ஆடின.

அப்போதுதான் என் மண்டையில் மணி அடித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒட்டன்சத்திரத்தில் ஒரு ஊர்வலத்தில் பாதுஷா மாப்பிள்ளையின் மாலையைப் பாதி தின்றுவிட்டார். மாப்பிள்ளை மீதி மாலையோடு மேடை ஏறினார், பெண் வீட்டார் அதை அபசகுனம் என்றார்கள், பெரிய ரகளை. அதற்குப் பிறகு அத்தா மாதக்கணக்கில் உட்கார்ந்து அவரைப் பழக்கினார். பட்டம் ஏறிவிட்டால் வாயில் எதுவும் போகக்கூடாது. வாழைப்பழம் நீட்டினாலும் சரி, வாளியை நீட்டினாலும் சரி. மாப்பிள்ளை இறங்கி, பட்டம் இறங்கின பிறகுதான் வெல்லம், தண்ணீர், எல்லாம்.

அப்படியென்றால் திங்கள்கிழமை மத்தியானத்திலிருந்து பாதுஷா டூட்டியில் இருந்திருக்கிறார்! வயிற்று வலி போய், தாகத்தில் நாக்கு வறண்டு, கண் முன்னால் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, யாரோ ஒரு மாப்பிள்ளை வந்து இறங்குவதற்காகக் காத்து நின்றிருக்கிறார்!

நிச்சயப்படுத்திக்கொள்ளப் பட்டத்தை அத்தா தலையிலிருந்து எடுத்து பாதுஷாவுக்கு மாட்டினேன். தலை நிமிர்ந்தது, வாய் மூடியது, தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த விறைப்பில் போலீஸ்காரர்கூடத் தோற்றுப்போவார். எடுத்தேன். சுர்ர்ர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு வழியாக வெளியேறின. பட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுபடி அத்தா தலையிலேயே வைத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார். பாதுஷா குடிப்பதைப் பார்த்தார். அத்தாவைப் பார்த்தார்.

"யா அல்லா! என்னங்க! எந்திரிங்க! குடிக்குதுங்க!"

அத்தா திடுக்கிட்டு எழுந்தார். கை தலைக்குப் போனது.

"கழட்டாதீங்க!" அம்மா போட்ட கத்தலில் மூன்று நாள் மௌனம் சுக்குநூறானது. "கயித்த நீங்க போட்டதுந்தான் அது குடிக்குது! அதோட கஷ்டத்த நீங்க வாங்கிக்கிட்டீங்க! கழட்டிறாதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்!"

அத்தா வாயைத் திறந்தார். பாதுஷாவைப் பார்த்தார். தன் நெற்றியில் தொங்கும் கயிற்றைத் தடவிப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார், அது முழுக்க ஈரமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"சரி ஆரிபா. கழட்டல."

நம்பிவிட்டார்! இந்த உலகத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லிவிடலாமா? சொல்லலாம். நாளைக்கு. அல்லது ரிசல்ட் வந்த பிறகு. ஒரு மனிதர் வாழ்நாளில் இப்படி ஒரு குறும்பு தானாகக் கனிந்து கையில் விழுவது எத்தனை முறை நடக்கும்?

ராத்திரிச் சாப்பாட்டில் ஐந்து இடியாப்பம். கணக்கு பூனை சொன்னது. அதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லையாம்.

மே 8, வியாழன்

அத்தா குஞ்சத்தோடு புல் அறுத்தார். குஞ்சத்தோடு தவிட்டுக் கஞ்சி கிண்டினார். குஞ்சத்தோடு டீக்கடைக்குப் போனார். நான் பத்தடி தள்ளிப் பின்தொடர்ந்தேன், இதை விட்டால் ஆயுசுக்கும் வருந்துவேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"பாய், என்ன இது?"

"நேர்ச்சை."

"எத்தன நாளைக்கு?"

"வீட்ல சொல்ற வரைக்கும்."

கடையில் இருந்த கல்யாணமான ஆண்கள் எல்லோரும் புரிந்தது போலத் தலையாட்டினார்கள்.

பாதுஷா கஞ்சி முழுவதும் தின்றார், பாத்திரத்தை நக்கினார், பாத்திரத்தைத் தூக்கி எறிந்தார், என் பின்னலைக் கடித்து இழுத்தார். ஆள் வந்துவிட்டார்!

டாக்டர் வந்தார். லாய வாசலில் நின்றவர் முதலில் அத்தாவைத்தான் பார்த்தார்.

"பாய், உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. அவனப் பாருங்க."

டாக்டர் பாதுஷாவின் தோலைக் கிள்ளினார். சட்டென்று படிந்தது. வயிற்றில் காது வைத்தார். "உள்ள மேளக் கச்சேரியே நடக்குது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அது வெளிய வந்துட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

அது வருவதற்காக நாங்கள் எல்லோரும் பாதுஷாவின் பின்பக்கத்தில் நின்றோம். அத்தா, அம்மா, டாக்டர், சுவருக்கு மேல் மாஸ்டர் மாமா, கேட்டில் ஐஸ்காரர். பாதுஷா எங்களைத் திரும்பிப் பார்த்தார். கூச்சப்பட்டிருக்க வேண்டும். டாக்டர், "எல்லாரும் அங்கிட்டுத் திரும்பிக்கங்க" என்றார். திரும்பிக்கொண்டோம். எதிரே சுவர். அம்மாவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. அத்தாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது. என்னுடையதா, அவருடையதா, தெரியவில்லை.

பொத்.

பொத், பொத், பொத்.

டாக்டர்தான் முதலில் குதித்தார். "பாய்! லத்தி! அருமையான லத்தி!" அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார், நான் ஐஸ்காரரைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கடைசி நொடியில் பூனைக்கு மாறிக்கொண்டேன். ஐஸ்காரர் நாலு நாள் சேர்த்து மணி அடித்தார். மாஸ்டர் மாமா போர்வையை உதறி டிரம்மை எடுத்து ஒரு கல்யாண மார்ச்சை அடி அடி என்று அடித்தார். தெருவில் ஆள் கூடி, "என்னா விசேஷம்?" என்று கேட்டது.

"லத்தி சார்ஜ்!" என்று கத்தினேன்.

இரண்டு பேர் உண்மையிலேயே ஓடிவிட்டார்கள்.

மே 9, வெள்ளி

ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அத்தா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு கையில் தொழுகைத் தொப்பியும் தலையில் குஞ்சமுமாக லாயத்தில் நின்றார்.

"இத மாட்டிக்கிட்டு எப்படி ஆரிபா பள்ளிக்குப் போக முடியும்?"

"கீழ வைக்கக் கூடாதுங்க. யாராச்சும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கணும்" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். உள்ளே பிரியாணிக்குத் தம் போட்டிருந்தது. வாசனை லாயம் வரைக்கும் வந்து என்னைக் காலரைப் பிடித்து இழுத்தது.

அத்தா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பட்டத்தைக் கழற்றி என் தலையில் மாட்டினார். பின்னால் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, அம்மாவுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

"அன்னிக்கு எதுக்குடி அவன் தலையிலேர்ந்து கழட்டுன?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பழக்குனது யாரு? நான்தான?"

"அப்புறம் எதுக்கு ரெண்டு நாளா இத மாட்டிக்கிட்டு டீக்கடைக்கெல்லாம் போனீங்க?"

"கயித்தக் கட்டச் சொன்னது உங்கம்மா. பட்டத்த மாட்டுனது நானு. என் புத்தி அன்னிக்கு எங்க போச்சோ. அவன் மூணு நாளு தவிச்சது இதனாலன்னு தெரிஞ்சா உங்கம்மா ஆயுசுக்கும் அழுவா. நான் ரெண்டு நாளு கோமாளியாத் திரிஞ்சா என்ன குறைஞ்சுபோச்சு?" வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். "நீ அதக் கழட்டலைன்னா அன்னிக்கே வண்டி ஏத்தியிருப்போம்."

குஞ்சத்தை ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினார், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்பும்போது பாதுஷாவுக்குச் செய்வது போல.

"உங்களுக்குத் தெரியாதுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன். குரல் எனக்கே கோழிக்குஞ்சு மாதிரி கேட்டது.

"நீ சிரிச்சுக்கிட்டே பின்னாடி வந்தியா. நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார். திறந்தவர் திரும்பி, வாத்தியார் குரலில், "பட்டம் தலையில இருக்கறப்ப வாயில எதுவும் போகக்கூடாது. ஞாபகம் இருக்கட்டும்" என்றார். தெருவில் அவர் தோள் குலுங்கிக்கொண்டே போனது.

கேலிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். சீரகச் சம்பா, இரண்டு பெரிய கறித்துண்டு, ஓரத்தில் தயிர் வெங்காயம். சனிக்கிழமையிலிருந்து புதன் ராத்திரி வரைக்கும் இந்த வயிறு ஒழுங்காகச் சோறு பார்க்கவில்லை, அதை இப்போது எழுதினால் தப்பில்லை. ஒரு கை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனேன்.

பாதுஷா புல் மெல்லுவதை நிறுத்தினார்.

தலையைத் திருப்பி என் நெற்றியைப் பார்த்தார். குஞ்சத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். மூக்கால் ஒரு சீறல். எச்சரிக்கை.

கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். காதுகள் பின்னால் மடங்கின.

கையைத் தட்டில் இறக்கினேன். காதுகள் நிமிர்ந்தன. அவர் தொட்டிக்குக் குனிந்து நிதானமாக, நிறைவாக, சுர்ர்ரென்று ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி புல்லுக்குப் போனார். ஆனால் ஒரு கண் என்மேலேயே இருக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன். பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது. பட்டம் இறங்க அத்தா தொழுதுவிட்டுத் திரும்பி வர வேண்டும். பள்ளிவாசலில் ஹஜ்ரத் இப்போதுதான் பயான் பிரசங்கத்தைத் தொடங்கியிருக்கிறார், ஒலிபெருக்கியில் கேட்கிறது. இன்றைக்கென்று நல்ல உற்சாகத்தில் இருக்கிறார்.